75இல் எழும்பும் பீக் எல்லாம் ஆசனிக்கு இல்லை

முல்லைத்தீவிலிருந்து:
கரையோரக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கோ. நந்திக்கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணறுகளில் குளோரைட்டு கூட. அந்தத் தண்ணீரைச் சாதாரண ஐசிபி-எம்எஸ்ஸில் (மாதிரியை ஆகன் வாயுப் பிளாஸ்மாவில் அயனாக்கி, அயன்களைத் திணிவின்படி பிரித்து எண்ணுகிற கருவி) விட்டால் திணிவு 75இல் நல்ல பீக் ஒன்று எழும்பும், மென்பொருளும் அதற்கு ஆசனிக்கு (ஆர்சனிக் என்கிற நச்சு மூலகம்) என்று பெயர் போட்டுவிடும். ஆனால் பிளாஸ்மாவின் ஆகன்-40உம் தண்ணீரின் குளோரீன்-35உம் ஒட்டிக்கொண்டாலும் 75தான். ஆசனிக்குக்கு இயற்கையில் ஒரே ஒரு சமதானி, அதுவும் 75தான், ஆகவே வேறொரு திணிவில் அளந்து சரிபார்க்கவும் வழியில்லை.

எங்களுக்கு வந்த முதல் அறிக்கையில் சில கிணறுகள் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையை, அதாவது லீற்றருக்கு 10 மைக்ரோகிராமை, தாண்டியிருந்தன. "தம்பி, பிள்ளையளுக்கு இந்தத் தண்ணியக் குடுக்கலாமோ?" என்று கிணற்றடியில் ஒரு அம்மா கேட்கிறார். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயால் சனம் ஏற்கனவே பயந்துபோயிருக்க, உறுதியில்லாத எண்ணை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆசனிக்கு கூடின கிணறெல்லாம் உப்புக் கூடின கிணறாகவே இருந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

மாதிரிகளை, கிட்டக்கிட்ட இருக்கிற திணிவுகளையும் பிரித்துக் காட்டுகிற உயர் பிரிதிறன் கருவிக்கு அனுப்பினோம். ஆசனிக்கு 74.9216, ஆகனும் குளோரீனும் சேர்ந்த அயன் 74.9312. பிரிக்க ஏறத்தாழ 7,800 பிரிதிறன் வேண்டும். 4,000இல் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், 10,000இல் வைத்தபோதுதான் இடப்பக்கம் சின்ன மேடும் வலப்பக்கம் பெரிய பீக்குமாகப் பிரிந்தது. ஆசனிக்கு எல்லைக்குக் கீழே. உப்புப் பிரச்சினை வேறு கதை.

அப்புறம் ஒன்று: 10,000இல் சைகை நன்றாகக் குறைந்துவிடும், எண்ணுவதற்குக் கூட நேரம் கொடுக்க வேண்டும். திணிவு அளவீடு கொஞ்சம் நகர்ந்தாலும் எது எந்தப் பீக் என்று குழம்பும். அதனால் ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் சுத்த நீரில் உப்பு மட்டும் கரைத்து ஒருதரம், ஆசனிக்கு நியமக் கரைசல் மட்டும் ஒருதரம் ஓடவிட்டுப் பாருங்கோ, எது எங்கே நிற்கும் என்று கண்ணுக்கே தெரியும்.

கிளிநொச்சியிலிருந்து:
அண்ணை சொல்வது சரி. நான் ஓர்பிட்ராப் என்கிற இன்னொரு வகை உயர் பிரிதிறன் கருவியில் சேதனச் சேர்மங்கள் (காபன் சேர்மங்கள்) பார்க்கிறேன். அங்கே பெரிய பீக்கின் இருபக்கமும் சமதூரத்தில் குட்டிப் பீக்குகள் வரும், அவை அயன்களின் அதிர்வைத் திணிவுப் பீக்குகளாக மாற்றுகிற கணக்கின், அதாவது ஃபூரியே உருமாற்றத்தின் வேலை. நான் முதலில் தேடுவது காபன்-13 துணையை, அதாவது ஒரு காபன் அணு மட்டும் கனமான காபன்-13ஆக இருக்கிற அதே அயனின் பீக்கை. ஒற்றை ஏற்றமுள்ள உண்மையான அயன் என்றால் 1.00335 தள்ளி அது நிற்க வேண்டும். பீக் மிகச் சின்னது என்றால் துணை இரைச்சலுக்குள் புதைந்திருக்கலாம், அதற்காக எறிந்துவிடாதேங்கோ. மாதிரியைக் கருவிக்குள் தெளிப்பதை நிறுத்தின பிறகும் அதே இடத்தில் நிற்கிற பீக் மின்னணு இரைச்சல், அதை யோசிக்காமல் வெட்டலாம்.