பெரிய மென்பொருள் திட்டங்கள் கடைசி நேரத்தில் கவிழ்வது ஏன்?

கேள்வி:
பதினான்கு மாதங்களாக நடந்துவரும் எங்கள் கணக்கியல் மென்பொருள் மாற்றத் திட்டம், நிலை அறிக்கைகளில் வாரந்தோறும் பச்சையாகவே இருந்துவிட்டு, வெள்ளோட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் திடீரெனச் சிவப்பாகிவிட்டது. பழைய தரவை ஏற்றிப் பார்த்தபோது வாடிக்கையாளர் பதிவுகள் பல இரட்டிப்பாக வந்தன. கூடுதல் ஆட்களைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் மேலாளர். அது பலன் தருமா?

மறுமொழி 1:
பெரும்பாலும் தராது. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் பழையவர்கள்தாம்.

மறுமொழி 2:
அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில், பயணிகளின் பைகளைக் கொண்டுசெல்ல அமைத்த தானியங்கி அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு விமான நிறுவனத்துக்கென எண்ணப்பட்டதை, கால அவகாசத்தை நீட்டாமலேயே நிலையம் முழுவதற்கும் விரித்ததோடு, வேலை நடக்கும்போதே தேவைகளையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சோதனை ஓட்டத்தில் பெட்டிகள் பிய்ந்து சிதறின. 1993-இல் திறக்க வேண்டிய நிலையம் 1995 பிப்ரவரியில்தான் திறந்தது. அந்த அமைப்பும் 2005-இல் கைவிடப்பட்டது. குறை மென்பொருள் நிரலில் மட்டும் இருக்கவில்லை, "முடியாது" என்பதை உரிய நேரத்தில் எவரும் ஏற்கவில்லை என்பதே என் கருத்து.

மறுமொழி 3:
"எண்பது விழுக்காடு முடிந்தது" என்ற வாக்கியத்தை நான் நம்புவதை விட்டுப் பல ஆண்டுகளாகின்றன. இயங்கும் பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். தரவு மாற்றத்தை முதல் மாதத்திலேயே உண்மையான பதிவுகளுடன் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். இப்போதைக்கு, வெள்ளோட்டத்தைத் தள்ளிவைத்து, ஒரே ஒரு கிளையின் பதிவுகளை மட்டும் ஏற்றிச் சரிபாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. ஒரு கிளையோடு தொடங்க மேலாளர் இசைந்துவிட்டார். தேதியைத் தள்ளத்தான் இன்னும் மனமில்லை.