அம்மாவுக்குக் கைரேகை விழல, ஷெங்கன் விசா (ஐரோப்பா போற விசா) நிக்குது. உதவி வேணும்

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் மியூனிக்ல இருக்கோம், சொந்த ஊர் குடியாத்தம். லீவுல வந்து சொந்தபந்தம் எல்லாரையும் பாத்தாச்சு. ஜூலை 9 திரும்பும்போது அம்மாவையும் (62 வயசு) கூட்டிட்டுப் போய் சால்ஸ்பர்க், வெனிஸ் எல்லாம் ரயில்ல காட்டணும்.

அம்மா 35 வருஷம் பீடி சுத்தினவங்க. அந்தக் காசுலதான் நான் படிச்சேன். இலையை மடிச்சு மடிச்சு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ரெண்டு கையிலயும் வழவழன்னு ஆயிடுச்சு. ஜூன் 3 சென்னை விசா மையத்துல அந்த நாலு விரலும் மிஷின்ல விழவே இல்ல. 12ஆம் தேதியும் அதே கதை. ஃபைலை வாங்காம திருப்பிட்டாங்க.

மூணு வாரமா பீடி முறத்தைத் தொட விடல. தேங்காய் எண்ணெய், வாஸ்லின், வெந்நீர் எல்லாம் பாத்தாச்சு. ரேஷன் கடையிலயே விரலுக்குப் பதிலா கண்ணை ஸ்கேன் பண்ணிதான் பொருள் வாங்குறாங்க. 30,000 யூரோ இன்சூரன்ஸ், அழைப்புக் கடிதம் ரெடி. விழுற விரல் மட்டும் எடுத்தா போதும்னு ஷெங்கன் விதியிலயே இருக்கு. ஆனா கவுன்டர்ல டாக்டர் சர்டிபிகேட் கேக்குறாங்க. முடிவுக்கே 15 நாள் ஆகும், இந்த வாரம் கொடுத்தாகணும்.

வேலூர் பக்கம் இப்படி விசா வாங்கினவங்க, சர்டிபிகேட்டை எந்த டாக்டர்கிட்ட, என்னன்னு எழுதி வாங்கினீங்க?