மறு: பிரைஸ் இம்பாக்ட் – விலைத்தாக்கமா, விலைப்பெயர்ச்சியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பங்குச்சந்தையில் வழங்கும் பிரைஸ் இம்பாக்ட் (price impact) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கேள்வி இது:

> பிரைஸ் இம்பாக்டுக்கு "விலைத்தாக்கம்" என்றே வைத்துவிடலாமே?

எனக்கு அதில் ஒரு தடை இருக்கிறது ஐயா. "கச்சா எண்ணெய் விலைத் தாக்கம்" என்று செய்தித்தாளில் படித்தால், விலை மற்றவற்றின் மேல் உண்டாக்கும் தாக்கம் என்றுதான் புரிந்துகொள்கிறோம். நமக்கு வேண்டியது எதிர்த்திசை: ஒருவர் வாங்குவதோ விற்பதோ அந்தப் பங்கின் விலையையே எவ்வளவு நகர்த்துகிறது என்பது.

சின்ன நிறுவனங்களில் இது பளிச்சென்று தெரியும். ஒரு கோடிப் பங்குகள் உள்ள நிறுவனம் ஒன்று, கடைசியாகக் கைமாறிய விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு நிற்பவை 100 ரூபாயில் 50 பங்கு, 102-இல் 30 பங்கு, அடுத்தது 107-இல்தான். ஒருவர் 81 பங்கு வாங்கினால் அவருக்குச் செலவு 8,167 ரூபாய். ஆனால் கடைசி விலை 107 ஆகிவிடும், நிறுவனத்தின் சந்தை மதிப்பு கணக்கில் 7 கோடி கூடிவிடும்! ரிலையன்ஸில் அதே 81 பங்கு வாங்கினால் விலை அநேகமாக அசையாது.

ஆகவே விலைப்பெயர்ச்சி என்று பரிந்துரைக்கிறேன். பள்ளி இயற்பியலில் இடப்பெயர்ச்சி வேரூன்றிய சொல். தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதே அதன் பொருள். குருப்பெயர்ச்சி நினைவுக்கு வருமே என்று தயங்க வேண்டியதில்லை, இடப்பெயர்ச்சியில் அந்தக் குழப்பம் வரவில்லை.

கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. வாங்கும் அல்லது விற்கும் அளவுக்கு விலை எவ்வளவு நகரும் என்று காட்ட, பொருளியலாளர் ஆல்பர்ட் கைல் 1985-இல் தந்த லாம்டா என்ற எண்ணை விலைப்பெயர்ச்சிக் கெழு எனலாம். சற்று நேரத்தில் திரும்பிவிடுவது தற்காலிகப் பெயர்ச்சி, தங்கிவிடுவது நிலைத்த பெயர்ச்சி. ஆர்டர் 4 மடங்கானால் பெயர்ச்சி ஏறக்குறைய 2 மடங்கே ஆகிறது என்ற வர்க்கமூல விதியையும் இந்தச் சொல்லில் தெளிவாக எழுத முடியும். சிறு ஆர்டர்களுக்கு அளவை மீறிய பலம் இருப்பது அந்த விதியிலிருந்தே விளங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வினைச்சொல்தான். வாங்குகிறவர் சாதாரணமாக வாங்கும்போது விலை பெயர்கிறது. ஒன்றிரண்டு பங்குகளை முந்தைய விலைக்கு மேல் வாங்கி, கடைசி விலையைத் திட்டமிட்டு ஏற்றியதாக, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுகளில் அடிக்கடி வருகிறதே, அது விலை பெயர்த்தல். தன்வினை, பிறவினை என்ற ஒரே வேறுபாட்டில் குற்றம் தனியே தெரிகிறது.

ஸ்லிப்பேஜை இதோடு சேர்க்க வேண்டாம். எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இடைவெளி அது. அதற்கு விலைச்சறுக்கல் சரிவருமா என்று சொல்லுங்கள்.