அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எடுத்தாச்சு, வெற்றிலை எப்போது போடலாம்?

கேள்வி: தென்காசிப் பெண்

நேற்று மதியம் அம்மாவுக்குக் கீழ்வரிசைக் கடைசிப் பல்லை எடுத்தார்கள். வயது 63. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், சுகர் கிடையாது. பல் சாய்ந்து முளைத்திருந்ததால் ஈறைக் கீறி எடுத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். மாத்திரையோடு அறிவுரைத் தாள் ஒன்றும் கொடுத்தார்கள், ஆனால் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். பெரியம்மா கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்துக் குழியில் வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி, மணிக்கொரு தரம் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால்தான் ஆறும் என்கிறார். பால் குடித்தால் சீழ் பிடிக்குமாம். அம்மாவோ எச்சில் சிவப்பாக வருவதைப் பார்த்துப் பயந்து துப்பிக்கொண்டே இருக்கிறார். புகையிலை போட்டு வெற்றிலை மெல்லும் பழக்கமும் உண்டு. "மறுபக்கமா அடக்கிக்கிறேனே" என்று காலையிலிருந்து கேட்கிறார். கன்னம் நேற்றைவிட வீங்கியிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கொங்குத் தம்பி

எனக்குப் பல் எடுத்தபோது ஐஸ்கிரீமும் ஆறிய ரவைக் கஞ்சியும்தான் சாப்பாடு. ஐஸ்கிரீமில் முந்திரி, சாக்லேட் துண்டு எதுவும் இல்லாமல் பார்த்து வாங்குங்கள். இளநீர் கொடுத்தால் டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள், ஸ்ட்ரா வேண்டாம்.

பதில்: நெல்லை அக்கா

தங்கச்சி, நான் பல வருஷமாகப் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். பல் எடுத்தவர்களுக்கு அந்தத் தாளைப் படித்துக் காட்டுவது என் வேலைதான். அதில் இருப்பது ஏன் என்று தெரிந்தால் அம்மா கேட்பார்.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறதே, அதுதான் உள்ளே இருக்கும் எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கிறது. முழங்காலில் அடிபட்டால் பொருக்குக் கட்டுமே, அதைப் போல. துப்பினாலும், உறிஞ்சினாலும், வேகமாகக் கொப்பளித்தாலும் அது பெயர்ந்துவிடலாம். பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். அந்த வலி காதுவரை இழுக்கும், வாயும் நாறும். டிரை சாக்கெட் என்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்தவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். அதனால் எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். ஒரு துளி ரத்தம் எச்சிலில் கலந்தாலே வாயெல்லாம் ரத்தம் போலத் தெரியும். முதல் நாள் இளஞ்சிவப்பாக வருவது வழக்கம்தான்.

புது ரத்தம் ஊறி வாய் நிறைந்தால் மட்டும் சுத்தமான பஞ்சுத் துணியை மடித்து, குழிமேல் வைத்து, 30 நிமிடம் அழுத்திக் கடிக்கச் சொல்லுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று பிரஷர் மாத்திரையை விட்டுவிட வேண்டாம், பிரஷர் ஏறினால் ரத்தம் நிற்பது கஷ்டம்.

ஆச்சி சொன்ன உப்புத் தண்ணீர் நல்லதுதான். ஆனால் 24 மணி நேரம் கழிந்த பிறகு, அதாவது இன்று மதியத்துக்கு மேல். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை மெதுவாகச் சாய்த்துவிட்டு, துப்பாமல் தானாக வழிய விட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும்முன்னும் போதும். கிராம்புத் தைலத்தைத் திறந்த புண்ணில் வைத்தால் சதை வெந்துபோகும், அதை விட்டுவிடுங்கள். பாலால் சீழ் பிடிக்காது, ஆற வைத்துக் கொடுங்கள்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்வரை ஏறத்தான் செய்யும். இன்று ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்துக்கு வெளியே 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் விட்டு மறுபடி வையுங்கள். இரவில் தலையணையை உயர்த்திப் படுக்கட்டும்.

சாப்பாட்டுக்குக் குழைந்த தயிர்சாதம், மோரில் கரைத்த இட்லி, ஆறிய கேழ்வரகுக் கூழ். தயிர்சாதத்தில் கடுகு தாளிக்காதீர்கள், அது நேராகக் குழிக்குள் போய் உட்காரும். முருங்கைக்காய், நல்லி எலும்பு எல்லாம் உறிஞ்சிச் சாப்பிடுவது, இப்போதைக்கு வேண்டாம். மற்றப் பற்களை இன்றே மெதுவாகத் துலக்கலாம்.

வெற்றிலை விஷயத்தில் மட்டும் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மறுபக்கம் அடக்கினாலும் சாறு வாய் முழுக்கப் பரவும். சுண்ணாம்பு பட்டால் புண் வெந்துவிடும், பாக்குத் தூள் தையலில் சிக்கும், புகையிலை ஆறுவதையே தாமதப்படுத்தும். தையல் பிரிக்கும்வரையாவது தொடக் கூடாது. முடிந்தால் இதோடு அடியோடு விடச் சொல்லுங்கள். புகையிலை சேராத வெறும் பாக்குமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. வாயில் ஆறாத புண்ணோடும், வாய் திறக்க முடியாமலும் வரும் அம்மாக்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

தென்காசிப் பெண்

அக்கா, ரொம்ப நன்றி. உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துப்புவதை நிறுத்திவிட்டார். வெற்றிலைப் பெட்டியைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இன்று மூன்றாம் நாள், வலி குறைந்திருக்கிறது. ஆனால் குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, சீழா? வாயும் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது.

நெல்லை அக்கா

வலி குறைந்து, காய்ச்சலும் கெட்ட வாடையும் இல்லையென்றால் அது சீழாக இருக்காது. புண் ஆறும்போது அப்படி வெள்ளையாகப் படியும். பஞ்சாலோ குச்சியாலோ சுரண்டிவிடாதீர்கள். குறைந்த வலி திரும்ப ஏறினால் மட்டும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் டிரை சாக்கெட் வலி சீக்கிரம் அடங்கும்.

தாடைத் தசை இறுகியிருப்பதால் வாய் திறக்கவில்லை. இனி ஐஸ் வேண்டாம், வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்து, வலிக்காத அளவுக்கு மெல்லத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஓரிரு வாரத்தில் சரியாகும். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால் ராத்திரியானாலும் காத்திருக்காதீர்கள்.

அம்மாவின் கீழுதட்டையும் முகவாயையும் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் உணர்ச்சி ஒரே மாதிரி இருக்கிறதா? ஊசி போட்ட மரப்பு சில மணி நேரத்திலேயே போயிருக்க வேண்டும். இன்னும் மரத்திருந்தால் தையல் பிரிக்கும் நாள்வரை வைத்திருக்காமல் இன்றே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

தென்காசிப் பெண்

தொட்டுப் பார்த்தேன் அக்கா, இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறதாம். இப்போதுதான் ஒத்தடத்துக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன்.