ஆய்வேட்டுக்குள் எஸ்விஜி படம்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

கவி: சித்தப்பா, ஆய்வேட்டை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்த ஆற்று வரைபடத்தை எஸ்விஜி கோப்பாக (கோடுகளாகவே சேமிக்கும் வடிவம்) சேர்த்தால், பிடிஎஃப் உருவாக்கும் பிடிஎஃப்லேடெக் பிழை காட்டி நின்றுவிடுகிறது. லேபில் எல்லாரும் பிஎன்ஜி, அதாவது புள்ளிகளாலான படம், ஆக்கிப் போடு என்கிறார்கள்.

சித்தப்பா: பிஎன்ஜி வேண்டாம்மா. கோட்டுப் படத்தைப் புள்ளிகளாக்கிவிட்டால் பெரிதாக்கும்போது எல்லாம் மங்கும், ஆற்றின் கிளைகளெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். எஸ்விஜியை பிடிஎஃப் ஆக்கு, கோடு கோடாகவே இருக்கும்.

சித்தப்பா: இங்க்ஸ்கேப்பிலேயே பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். அதற்கு முன்னால் பக்கத்தைப் படத்தின் அளவுக்குச் சுருக்கிக்கொள், இல்லாவிட்டால் ஏ4 தாள் முழுக்க வெற்றிடத்தோடு வந்து உட்காரும்.

கவி: கைடு கொடுத்த பழைய படங்கள் இபிஎஸ் என்ற பழைய கோட்டுப்பட வடிவம். அவை மட்டும் ஒன்றும் செய்யாமலே வந்துவிட்டனவே?

சித்தப்பா: லேடெக்கை நிறுவும் தொகுப்பான டெக் லைவின் 2010 பதிப்பிலிருந்து அது தானாக நடக்கிறது. பின்னால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மாற்று நிரல் ஓடி பிடிஎஃப் ஆக்கிவிடும், உன் ஃபோல்டரில் பார், ‘கன்வர்ட்டட் டு’ என்று வால் ஒட்டிய கோப்புகள் கிடக்கும். எஸ்விஜிக்கும் ஒரு பேக்கேஜ் உண்டு, ஆனால் அது இங்க்ஸ்கேப்பை அழைக்க ஷெல் எஸ்கேப்பை, அதாவது லேடெக் வெளி நிரல்களை ஓட்டும் அனுமதியை, முழுதாகத் திறந்துவிட வேண்டும். அப்படித் திறந்தால் யாரோ அனுப்பிய டெக் கோப்புகூட உன் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். அது வேண்டவே வேண்டாம், கையால் மாற்றிவிடு.

அண்ணன்: சித்தப்பா, எல்லாவற்றையும் இபிஎஸ் ஆக்கிவிட்டால் ஒரே மாதிரி இருக்காதா? நான் அனுப்பும் ஜர்னல் அதைத்தான் கேட்கிறது.

சித்தப்பா: ஜர்னல் கேட்டால் கொடுப்பா, நாமாக அங்கே போக வேண்டாம். இபிஎஸ்ஸுக்கு ஊடுருவித் தெரியும் நிறம் தெரியாது. கோட்டுக்குப் பின்னால் வெளிர்நீலப் பட்டை போட்டிருந்தால் அந்த இடத்தைப் பல மென்பொருள்கள் புள்ளிப்படமாக்கிவிடும், அல்லது அடர்த்தியாக அப்பிக் கோட்டையே மறைத்துவிடும்.

கவி: என் வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. இணையத்தில் ஒரு கன்வர்ட்டரில் போட்டால் கும்பகோணத்தில் ‘கோ’ உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கிறது.

சித்தப்பா: அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து அமைக்கத் தெரியவில்லை. இங்க்ஸ்கேப்பில் சேமிக்கும்போது எழுத்தைப் பாதையாக மாற்றும் தேர்வு வரும், அதைப் போடு. எழுத்து கோடாகிவிடும், எந்தக் கணினியிலும் உடையாது. பிடிஎஃப்பில் ஊர்ப் பெயரைத் தேட முடியாது, அவ்வளவுதான். ஆனால் எஸ்விஜி மூலத்தை அழித்துவிடாதே, நாளை ஒரு பெயரைத் திருத்த அதுதான் வேண்டும், இணையப் பக்கத்தில் போடவும் அதுவே போதும்.

சித்தப்பா: அப்புறம் எல்லாம் முடிந்ததும், பிடிஎஃப்பில் உள்ள புள்ளிப்படங்களைத் தேடும் பிடிஎஃப்இமேஜஸ் கட்டளையை லிஸ்ட் விருப்பத்தோடு ஆய்வேட்டின் பிடிஎஃப் மீது ஓட்டு. புள்ளிப்படம் எங்கே ஒளிந்திருந்தாலும் பக்க எண்ணோடு காட்டும்.

கவி: ஓட்டினேன். ஒரே ஒரு பக்கம்தான் வருகிறது, மூன்றாம் அத்தியாயத்தின் செயற்கைக்கோள் படம்.

சித்தப்பா: அது பிறந்ததே புள்ளிப்படமாகத்தான். சரி, அப்படியே விடு.