எலிசாவில் டைட்டர் நன்றாக வருகிறது, செல்லில் போட்டால் காலரா டாக்சின் அடங்கவில்லை

நிலா_லேப்:
காலரா டாக்சின் கொடுத்து முயலில் எடுத்த சீரம். முழு டாக்சின் பூசிய எலிசா தட்டில் (ஆன்டிபாடி ஒட்டினால் நிறம் வரும் சோதனை) 1:50,000 நீர்ப்பு வரை நிறம் வருகிறது, அதுதான் டைட்டர். சிஎச்ஓ செல்லில் (சீன வெள்ளெலியின் சூலகச் செல்) நீர்ப்பு 1:40 தாண்டினாலே தடுப்பு இல்லை, செல்லெல்லாம் நீண்டு கூராகிவிடுகிறது. ஒரு மில்லிக்கு 100 நானோகிராம் டாக்சின் போட்டு, அரை மணி கழித்து சீரம் சேர்க்கிறேன். சீரம் கெட்டுப்போயிருக்குமா?

பெட்ரி_ராசா:
சீரத்தை ஏன் சந்தேகப்படுறீங்க, வரிசைதான் தப்பு. டாக்சினின் ஒட்டும் பகுதியான பி துணையலகு ஐந்தும் செல்மேல் இருக்கிற ஜிஎம்1 என்ற மூலக்கூறைப் பிடிக்க சில நிமிடம் போதும், டாக்சின் உள்ளே போன பிறகு வெளியே நிற்கிற ஆன்டிபாடி என்ன செய்யும்? இரண்டையும் முதலில் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அப்புறம் செல்லில் ஊற்றுங்க. 100 நானோகிராம் ரொம்ப அதிகம். டாக்சினை மட்டும் படிப்படியாக நீர்த்து, பெரும்பாலான செல்கள் நீளும் மிகக் குறைந்த அளவைப் பிடியுங்க, சில நானோகிராமிலேயே நீளும்.

மீனாட்சி_எம்எஸ்சி:
அதைச் சரிசெய்தாலும் எலிசா எண் அளவுக்கு வராது. அந்தத் தட்டில், நச்சு வேலையைச் செய்யும் ஏ துணையலகை ஒட்டும் ஆன்டிபாடியும் எண்ணிக்கையில் சேருகிறது, அது ஜிஎம்1-ஐப் பிடிப்பதைத் தடுக்க வேண்டும் என்றில்லை. ஜிஎம்1 பூசிய தட்டில் டாக்சின்-சீரம் கலவையைப் போட்டு, எவ்வளவு டாக்சின் ஒட்டுகிறது என்று பாருங்க. சீரத்தில் உள்ள கம்ப்ளிமென்ட் புரதங்களை அடக்க 56 டிகிரியில் அரை மணி சூடாக்கினீங்களா? அப்புறம், தட்டின் எந்தக் குழியில் என்ன என்று தெரியாதவர் ஒருவர் செல்லை எண்ணட்டும். நீளம் என்பது கண்ணின் தீர்ப்பு, நமக்கு வேண்டியதைத்தான் பார்ப்போம். முடிந்தால், டாக்சின் செல்லுக்குள் கூட்டிவிடும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறை அளந்துவிடுங்க.

பழைய_மைக்ரோ:
செல்லில் அடங்கினாலும் "வயிற்றுப்போக்கைத் தடுக்கும்" என்று எழுதிவிடாதீங்க. எஸ். என். டே 1959-இல் கல்கத்தாவில் முயல் குடலைக் கட்டி, பாக்டீரியா இல்லாத வடிநீரைச் செலுத்தியே திரவம் சுரப்பதைக் காட்டினார். இன்றும் குடல்வளையச் சோதனை அதன் வழிதான், நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். காலராவில் டாக்சினுக்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் போதாது, கிருமியின் மேற்பரப்பில் இருக்கிற ஓ சர்க்கரைக்கு எதிரானதும் முக்கியம். அதனால்தான் டுகோரல் என்ற காலரா தடுப்பு மருந்தில் பி துணையலகோடு கொன்ற கிருமியும் இருக்கிறது.

நிலா_லேப்:
நன்றி. தடுப்பூசிக்கு முன் எடுத்த சீரம் அதே முயலுடையது கிடைக்காது போலிருக்கிறது. கன்ட்ரோலுக்கு பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) போதுமா?

மீனாட்சி_எம்எஸ்சி:
போதாது. வேறு முயலின் சாதாரண சீரம், அதே நீர்ப்பில். முயல் சீரமே சிஎச்ஓ செல்லின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றலாம், பிபிஎஸ் வைத்தால் அது தெரியாது.