ரூஸ்ட்டுக்கு 'உறங்குதடி'

வணக்கம். கோழிக்கூட்டின் பகுதிகளுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிற நம் பட்டியலுக்கு வந்த யோசனைகளைப் பற்றி எழுதுகிறேன்.

கோழிகள் இரவில் ஏறிப் படுக்கிற குறுக்குத்தடி, ஆங்கிலத்தில் ரூஸ்ட் என்பது, அதற்கு 'அடைகழி' என்று வந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பறவை மாலையில் வந்து அடைகிறது என்பது நல்ல தமிழ்தான், ஆனால் கோழி வளர்க்கிற வீட்டில் 'அடை' என்றதும் அடைக்கோழியும் அடைவைத்த முட்டையும்தான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் ஓடாவியாரிடம், அதாவது தச்சரிடம், 'அடைகழி போடுங்கோ' என்றால் முட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் எதையாவது பொருத்தப் பார்ப்பார்.

தடியை அங்கே வைத்தால்தான் கூடு பிழையாகிவிடும். ஊர்க்கோழியை விட்டுப்பாருங்கள், முருங்கையில் ஏறித்தான் படுக்கும். கூட்டுக்குள்ளும் உயரமான இடத்தைத்தான் தேடும், தடி முட்டைப்பெட்டியைவிடத் தாழ்ந்திருந்தால் பெட்டிக்குள்ளேயே படுத்து விடியும்வரை எச்சமிடும், பிறகு இடுகிற முட்டையெல்லாம் ஊத்தை. தடி உறங்க, பெட்டி முட்டையிட. இது பெயரிலேயே தெரிய வேண்டும்.

ஆகவே 'உறங்குதடி'. சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை, யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இன்னொரு யோசனையான 'அமர்கொம்பு' கூண்டுக்கிளி பகலில் குந்துகிற தடிக்கும், ஆங்கிலத்தில் பேர்ச் என்பதற்கும், பொருந்துவதால் அதை அதற்கே விட்டுவிடலாம். அதோடு கொம்பு என்றால் கிடைத்த மெல்லிய கிளையை வெட்டி வைத்துவிடுவார்கள். 4–5 சென்ரிமீற்றர் அகலமான, விளிம்பு உருட்டிய சட்டம்தான் கோழிப் பாதத்துக்குச் சுகம். ஒரு கோழிக்கு 20–25 சென்ரிமீற்றர் என்று பார்த்தால் ஆறு கோழிக்கு ஒன்றரை மீற்றர் போதும், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. இரண்டு தடி போடுவதானால் ஒன்றுக்கு நேர்கீழே மற்றது வேண்டாம், மேலே படுத்தது கீழே உள்ளதன் முதுகில் எச்சமிடும்.

தடிக்குக் கீழே எச்சம் விழ வைக்கிற பலகைக்கு 'எருத்தட்டு' என்பது என் எண்ணம். வழித்தெடுத்து மக்கவைத்தால் அது வாழைக்கும் மிளகாய்க்கும் எருதானே.

கூட்டில் காற்றுக்காக விடுகிற திறப்புக்கு, அதாவது வென்ரிலேட்டருக்கு, வந்த 'காற்றுவாய்' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் விளக்கத்தில் 'குளிர் புகாத அளவு' என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். அது பனி கொட்டுகிற நாட்டுக் கணக்கு. எங்கள் வளவுகளில் கோழியை வாட்டுவது வெக்கையும் எச்சத்திலிருந்து கிளம்புகிற அமோனியாவும். சோளகம் வீசுகிற தென்மேற்குப் பக்கம் முழுக்க வலையாக விட்டு, வாடையோடு மாரிச் சாரல் வருகிற வடகிழக்கை மட்டும் அடைத்து, தகரக் கூரைக்கு மேல் கிடுகு (பின்னிய தென்னோலை) போட்டால் கோழி மதியத்தில் வாய் திறந்து இளைக்காது. 'படுத்த கோழிகளின் தலைக்கு மேலே காற்றுப் போய்வரும் திறப்பு' என்று எழுதினால் சரி.

கூட்டோடு சேர்த்து வலையடைத்து விடுகிற வெளி, ஆங்கிலத்தில் ரன் என்பது, அதற்கு 'ஓட்டம்' கட்டாயம் வேண்டாம். கோழி அங்கே ஓடுவதில்லை, கிளறுகிறது. இப்போதைக்கு 'வலைமுற்றம்' என்று எழுதுகிறேன், அதில் வலை என்றால் மரநாய் பிய்த்துவிடுகிற மெல்லிய கோழிவலையா, அரை அங்குலக் கண்ணுள்ள, கம்பிகளைப் பற்றவைத்த வெல்ட் மெஷ்ஷா என்பது தெளிவில்லை. இரண்டுக்கும் தனிச்சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.